இசமாலில் மூன்று இரவு: இருவர் மட்டும் நிதானமாகப் போய்வர முழுமையான வழிகாட்டி

மெக்ஸிகோவின் யுகட்டான் மாநிலத்தில், மெரிடா நகரத்துக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் சிறு ஊர் இசமால். கடை, வீடு, மடாலயம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூச்சு. மாயா இனத்தாரின் பழைய நகரமான சிச்சென் இட்சாவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் வருவது நல்ல வெயில் நேரத்தில். கடைகள் பாதி சாத்தியிருக்கும், நிழலில் நாய்கள் படுத்திருக்கும். "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த ஊரின் சுகம் காலை 7 முதல் 10 வரையும், மாலை 5-க்குப் பிறகும்தான். அதை அனுபவிக்க இங்கேயே தங்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது மூன்று இரவுக்கான ஏற்பாடு. வரிசையை மாற்றாமல் செய்தால் அலைச்சல் குறையும். எந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். பகலில் வெயில் இருக்கும், ஆனால் தாங்கலாம். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் இரவில் மெல்லிய ஸ்வெட்டர் கூடத் தேவைப்படும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அந்த வெயிலில் யாரும் சுண்ணாம்புக்கல் பிரமிடு ஏறியிருக்க மாட்டார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீளும்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தைத் தவிருங்கள். மெக்ஸிகோ முழுவதும் ஊர் சுற்றக் கிளம்பும் வாரம் அது. டிசம்பர் 8 இசமால் மாதாவின் திருநாள். யுகட்டானின் காவல் மாதா என்பதால் கூட்டம் ஊர் கொள்ளாது. திருவிழா பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. ஓய்வுக்குப் போகிறீர்கள் என்றால் டிசம்பர் தொடக்கத்தை விட்டுவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். செவ்வாய் மாலை வந்து வெள்ளி காலை கிளம்புவது நல்ல கணக்கு. சனி, ஞாயிறு மெரிடாக்காரர்கள் வருவார்கள். ஞாயிறு பூசை நடக்கும்போது கோயிலைச் சுற்றிப் பார்க்கவும் முடியாது.

2. விசா: இருவருடையதையும் தனித்தனியாகப் பாருங்கள்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் தனி விசா தேவையில்லை. அந்த நாடுகளில் நிரந்தரக் குடியுரிமை அட்டை இருந்தாலும் போதும்.

இங்கேதான் அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எச்1பி என்ற வேலை அனுமதிக்கு நீட்டிப்பு வந்துவிட்டது, அதை அறிவிக்கும் ஐ-797 தாள் கையில் இருக்கிறது, கடவுச்சீட்டில் ஒட்டிய விசா மட்டும் காலாவதி. அந்தத் தாளை மெக்ஸிகோ ஏற்காது. விசாவே செல்லுபடியாக இருக்க வேண்டும். குறுகிய பயணம் போய்த் திரும்பும்போது காலாவதியான விசாவோடு அமெரிக்கா உள்ளே விட ஒரு விதி உண்டு. அது திரும்பி வருவதற்கு மட்டும்தான், மெக்ஸிகோவுக்குள் நுழைய உதவாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விமான நிலையத்திலேயே நின்றுவிட்ட தம்பதிகள் உண்டு.

கணவருக்கு எச்1பி, மனைவிக்கு எச்4 என்ற துணைவர் விசா என்றால் இரண்டு விசாவும் ஒரே நாளில் முடியும் என்று நினைக்காதீர்கள். இரண்டு கடவுச்சீட்டையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துத் தேதி பாருங்கள். விமானச் சீட்டு எடுப்பது அதற்குப் பிறகு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இடையில் மாறும் நாட்டின் டிரான்சிட் விசா விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடிவரவு மேஜையில் கேட்பார்கள்: எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். அறை முன்பதிவும் திரும்பும் சீட்டும் காகிதத்தில் இருக்கட்டும். முத்திரை குத்தியதும் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேயே பாருங்கள். மேஜையை விட்டு நகர்ந்த பிறகு அதைத் திருத்துவது பெரிய வேலை.

3. அறை: சதுக்கத்துக்கு அருகில், ஆனால் சதுக்கத்தின் மேலேயே அல்ல

இசமாலில் பெரிய ஹோட்டல்கள் இல்லை. தோட்டத்துக்குள் நாலைந்து குடில்கள், சிறு நீச்சல் குளம், காலை உணவு என்ற வகை விடுதிகளே பொருத்தம். மடாலயத்திலிருந்து ஐந்து முதல் பத்து நிமிட நடை தூரத்தில் எடுங்கள். சதுக்கத்தை ஒட்டியே எடுத்தால் விடியற்காலை மணியோசை தலைமாட்டில் கேட்கும். திருநாள் என்றால் வேட்டுச் சத்தமும் சேரும். ஊருக்கு வெளியே பழைய பண்ணை மாளிகைகளில் எடுத்தால் அழகுதான். ஆனால் மாலையில் சதுக்கத்துக்கு நடந்து வர முடியாது, இரவில் ஒவ்வொரு முறையும் வண்டி தேட வேண்டும்.

பணம் கட்டுமுன் வாட்ஸ்அப்பில் இவற்றைக் கேளுங்கள். இங்கே விடுதிக்காரர்கள் மின்னஞ்சலைவிட அதில்தான் சீக்கிரம் பதில் சொல்வார்கள்:

ஏசி உண்டா, அது அறை விலையில் அடக்கமா? குளத்துக்கு நிழல் உண்டா? கொசுவலையோ ஜன்னல் வலையோ உண்டா? ஊஞ்சல் படுக்கை மாட்டச் சுவரில் கொக்கி உண்டா? கார்டு எடுப்பீர்களா, ரொக்கம்தானா?

கொக்கிக் கேள்வி விளையாட்டு இல்லை. ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

4. போகும் வழி: மெரிடா வழியாக

மெரிடாவுக்கே விமான நிலையம் உண்டு. மெக்ஸிகோ சிட்டியிலிருந்தும், ஹூஸ்டன், மயாமி போன்ற அமெரிக்க நகரங்களிலிருந்தும் நேராக வரலாம். கான்குனுக்குச் சீட்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து இசமாலுக்குச் சுமார் 260 கிலோமீட்டர். மூன்று இரவுப் பயணத்தில் இரண்டு அரை நாட்கள் சாலையிலேயே போய்விடும். மிச்சமான பணத்தில் பாதி சுங்கச்சாவடிக்குப் போகும்.

மெரிடாவிலிருந்து மூன்று வழிகள்.

பேருந்து: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மலிவு. புதியவர்கள் எல்லாரும் சொகுசுப் பேருந்துகள் கிளம்பும் பெரிய நிலையத்துக்குப் போய் நிற்பார்கள். இசமால் வண்டிகள் கிளம்புவது நொரெஸ்தே என்ற இரண்டாம் வகுப்பு நிலையத்திலிருந்து. டாக்ஸிக்காரரிடம் "தெர்மினால் நொரெஸ்தே" என்று சொல்லுங்கள்.

வாடகைக் கார்: ஒரு மணி நேரம் சொச்சம். இணையத்தில் தெரியும் வாடகை மிகக் குறைவாக இருக்கும். அதில் மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்திருக்காது. மெக்ஸிகோவில் அது சட்டப்படி கட்டாயம். கவுண்டரில் நிற்கும்போது தொகை இரட்டிப்பாவதற்குக் காரணம் அதுவே. கிரெடிட் கார்டு தரும் காப்பீடு பெரும்பாலும் வாடகைக் காருக்கு வரும் சேதத்தோடு நின்றுவிடும், நீங்கள் இடித்தவருக்கு அது பொறுப்பேற்காது. எனவே காப்பீடு சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது "தோபெ", அதாவது வேகத்தடை. ஒவ்வொரு கிராமத்தின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் உண்டு. பலவற்றுக்கு வண்ணம் இல்லை, பலகையும் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் சேர்ந்துவிடச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்தத் தோபெகள்தான், திருடர்கள் அல்ல. மெக்ஸிகோவிலேயே அமைதியான மாநிலங்களில் யுகட்டான் ஒன்று. பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். போட்டுவிடுகிறவருக்குச் சில்லறை கொடுப்பது வழக்கம்.

ரயில்: 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்கு இசமாலில் நிலையம் இருக்கிறது. நிலையம் ஊருக்கு வெளியே. ஓடும் வண்டிகளும் குறைவு. உங்கள் விமான நேரத்தோடு ஒத்துவந்தால் எடுங்கள், இல்லையென்றால் அதற்காக நாளை வளைக்காதீர்கள்.

5. மெரிடாவிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்

இசமாலில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் மிகக் குறைவு. விடுமுறை நாளில் பணம் தீர்ந்துவிடுவதும் உண்டு. எனவே மூன்று நாளுக்கான பெசோவை (மெக்ஸிகோ பணம்) மெரிடாவில், வங்கிக்குள் இருக்கும் இயந்திரத்தில் எடுத்துவிடுங்கள். பணம் வருமுன் திரையில் ஒரு மாற்று விகிதத்தைக் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்கும். மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும். ஏற்றுக்கொண்டால் இழப்பு உங்களுக்கு.

வந்த 500 பெசோ தாள்களை ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் உடைத்து, 20, 50, 100 ஆக்கிக்கொள்ளுங்கள். சந்தையில் தாக்கோ விற்கும் அம்மாவிடம் காலை ஏழு மணிக்கு 500-ஐ நீட்டினால் அவர் பக்கத்துக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும். முகத்தில் அது தெரியவும் தெரியும்.

கூடவே வாங்க வேண்டியவை: கொசு விரட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், உள்ளூர் சிம். டெல்செல் சிம்முக்குக் கிராமப் பக்கம் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், விடுதியில் பெரிய குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள்.

மெரிடாவில் ஓரிரண்டு மணி நேரம் மிச்சமிருந்தால் பெரிய சதுக்கத்தில் உட்காருங்கள். அங்கே இருவர் எதிரெதிராகப் பார்த்து உட்காரும்படி எஸ் வடிவத்தில் வளைந்த வெள்ளை நாற்காலிகள் உண்டு. "நீயும் நானும்" என்றே அவற்றுக்குப் பெயர். தோள் பக்கத்தில், முகம் எதிரில். பேச்சு தானாக வரும்.

6. வந்திறங்கும் மாலை: எதையும் பார்க்கப் போகாதீர்கள்

பெட்டியை வைத்ததும் மடாலயத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். வெயிலில் பயணம் செய்த அலுப்போடு பார்த்தால் எதுவும் மனதில் ஏறாது. குளியுங்கள், ஒரு மணி நேரம் படுங்கள். ஐந்தரைக்கு மேல் சதுக்கத்துக்கு நடங்கள்.

அந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் போயிருக்கும். உள்ளூர்க்காரர்கள் வெளியே வருவார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். தள்ளுவண்டியில் மார்கெசீத்தா கிடைத்தால் வாங்குங்கள். மெல்லிய மாவை இரும்பு அச்சில் மொறுமொறுவென்று சுட்டு, எடாம் சீஸைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தருவார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்த அந்தச் சுவை முதல் கடியில் விநோதமாக இருக்கும். இருவருக்கு ஒன்று வாங்கிப் பாருங்கள், இரண்டாவது தானாக வாங்குவீர்கள்.

இந்த மாலையில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, முகமன். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். மதியம் வரை "புவேனோஸ் தியாஸ்", பிறகு "புவேனாஸ் தார்தெஸ்", இருட்டினால் "புவேனாஸ் நோச்செஸ்". அதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பேச்சின் தொனியே மாறும். நேராக விலை கேட்பதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு, விலாசம் படிப்பது. தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒற்றைப்படை எண் தெருக்கள் கிழக்கு மேற்காக, இரட்டைப்படை வடக்கு தெற்காக ஓடும். விலாசத்தில் "27, பெருக்கல் குறி, 28, 30" என்று இருந்தால், 27-ஆம் தெருவில், 28-க்கும் 30-க்கும் நடுவில் என்று பொருள். மடாலயம் 31-க்கும் 33-க்கும் இடையில் இருக்கிறது. இந்தக் கணக்குப் பிடிபட்டுவிட்டால் போனில் வரைபடமே வேண்டாம்.

7. முதல் காலை: சந்தை, பிரமிடு, மடாலயம், இந்த வரிசையில்

ஏழு மணிக்குச் சந்தை. கொச்சினிதா பிபில் காலை உணவு. பன்றி இறைச்சியை அச்சியோத்தே என்ற சிவப்பு விதையின் விழுதிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, மண்ணடுப்பில் இரவெல்லாம் வேகவைத்தது. பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். மதியம் கேட்டால் மிச்சம்தான் கிடைக்கும்.

எட்டு மணிக்கு கினிச் கக்மோ என்ற மாயா பிரமிடு. 27-ஆம் தெருவிலிருந்து ஏற வேண்டும். அனுமதி இலவசம், வாசல் திறப்பது எட்டுக்கு, சாத்துவது மாலை ஐந்துக்கு. உயரம் சுமார் 34 மீட்டர். அடித்தளம் ஒரு பக்கம் 200 மீட்டர் அளவுக்கு நீளும். முதலில் ஏறுவது ஒரு பரந்த மேடை, புல்லும் மரமும் இருக்கும். இதுதான் உச்சி என்று நினைத்துப் பலர் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மேடையைக் கடந்து வடக்கே போனால்தான் உண்மையான பிரமிடின் படிகள் வரும்.

படிகள் செங்குத்து, சில இடங்களில் கல் ஆடும். பிடிப்புள்ள காலணி கட்டாயம். கை கோத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஒருவர் வழுக்கினால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். பக்கவாட்டாகத் திரும்பி, குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். காதலைத் தரைக்கு வந்து காட்டிக்கொள்ளலாம்.

மேலே நின்றால் எல்லாத் திசையிலும் தட்டையான பச்சை. மலையோ ஆறோ கண்ணில் படாது. இந்தத் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மழைநீர் தரைக்கடியில் இறங்கிவிடும். அதனால்தான் இங்கே ஆற்றுக்குப் பதில் செனோத்தே எனப்படும் நீர்க்குழிகள்.

ஒன்பது மணிக்கு மடாலயம். பிரமிடில் நிழலே இல்லை, மடாலய முற்றத்தைச் சுற்றி வளைவு மண்டபம் இருக்கிறது. எனவே நிழலில்லாததை முதலில் முடித்துவிட்டு நிழலுள்ளதற்கு வரவேண்டும். மாற்றிச் செய்தால் வெயில் ஏறிய பிறகு படி ஏறுவீர்கள். பத்துக்கு மேல் பேருந்துகள் வரத் தொடங்கும், அதற்குள் ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

புனித அந்தோனியார் பெயரிலான இந்த மடாலயம் ஒரு மாயா கோயிலின் மேடை மீதே, அதன் கற்களை எடுத்து, 1549-இல் தொடங்கி 1561-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனால்தான் தெருவிலிருந்து சாய்தளம் ஏறி முற்றத்துக்கு வரவேண்டியிருக்கிறது. முற்றத்தை உடனே குறுக்கே கடந்துவிடாமல், 75 வளைவுகள் கொண்ட மண்டபத்தை ஒரு முறை முழுச் சுற்றாக நடங்கள். கோயிலுக்குள் மாதாவின் சிலை இருக்கும் பின்மாடத்துக்குத் தனி வழி உண்டு. பலர் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1993 ஆகஸ்டில் இங்கே வந்தார், அவர் சிலை முற்றத்தில் நிற்கிறது. தோள் மூடிய உடை நல்லது. உள்ளே திருமணம் நடந்தால் வெளியே காத்திருங்கள்.

8. நண்பகல்: ஊஞ்சல் படுக்கை

பன்னிரண்டு முதல் நாலு வரை ஊர் அடங்கிவிடும். நீங்களும் அடங்குங்கள். "இவ்வளவு செலவு செய்து வந்து தூங்குவதா" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த நேரத்தில் வெளியே போய்ப் பார்க்க எதுவும் திறந்திருக்காது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

யுகட்டானில் பல வீடுகளில் கட்டிலைவிட ஊஞ்சல் படுக்கையில்தான் தூக்கம். "அமாகா" என்பார்கள். சுவரிலேயே கொக்கி பதித்துக் கட்டுவதால்தான் அறை எடுக்கும்போது கொக்கியைக் கேட்கச் சொன்னேன். புதியவர்கள் இதில் நீளவாக்கில் படுக்கிறார்கள். முதுகு வில்லாக வளையும், பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும், "இதில் எப்படித் தூங்குகிறார்கள்" என்று எழுந்துவிடுவார்கள்.

சரியான முறை இது. அமாகாவுக்கு முதுகைக் காட்டி நடுவில் நில்லுங்கள். ஒரு கையால் வலையின் தூர ஓரத்தைப் பிடித்து நன்றாக விரியுங்கள். நடுவில் உட்காருங்கள். பிறகு தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர் மூலைக்கும் கொண்டுபோய்க் குறுக்காகப் படுங்கள். குறுக்காகப் படுத்ததும் வலை தட்டையாகிவிடும், முதுகு நேராகும். இருவர் என்றால் முதலில் ஒருவர் இப்படிப் படுத்து அசைவு நின்ற பிறகு, மற்றவர் அதே பக்கமிருந்து உட்கார்ந்து, அதே சாய்வில் படுக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஏறினால் தரையில்தான் சந்திப்பீர்கள்.

இருவர் படுக்க "மாத்ரிமோனியால்" அளவு வேண்டும். வாங்க நினைத்தால் ஓரக் கயிறுகளைப் பாருங்கள். மாத்ரிமோனியாலுக்குச் சுமார் 150 ஜோடிக் கயிறு இருக்கும், அதில் பாதிதான் இருந்தால் அது ஒருவர் படுப்பது. பருத்தி மென்மையாக இருக்கும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். நைலான் சீக்கிரம் உலரும், வெயிலில் வெளியே கட்ட அதுதான் சரி. மெரிடாவுக்கும் இசமாலுக்கும் இடையே பழைய சாலையில் இருக்கும் திஷ்கோகோப் அமாகாவுக்குப் பேர்போன ஊர். கார் இருந்தால் அங்கேயே நிறுத்தி வாங்குங்கள்.

9. சாப்பாடு: சைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் அதை இறைச்சித் துண்டு வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கறுப்பு பீன்ஸ் விழுதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சூப்பில் கோழிச் சாறு இருக்கும், சாதத்தைக்கூடக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். கேட்க வேண்டியது: "சின் கார்னே, சின் மந்தேகா, சின் கால்தோ தெ போயோ". இறைச்சி, பன்றிக் கொழுப்பு, கோழிச் சாறு மூன்றும் இல்லாமல் என்று அர்த்தம். போனில் எழுதி வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை பீன்ஸையே தொடாதீர்கள். யுகட்டானில் திங்கள் என்றால் பீன்ஸைப் பன்றி இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கும் நாள்.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பாப்பாத்சூலெஸ் கைகொடுக்கும். அவித்த முட்டையைத் தோர்த்தியா என்ற மெல்லிய சோள ரொட்டியில் சுருட்டி, அரைத்த பூசணி விதைக் குழம்பு ஊற்றியது. பூசணி விதையும் தக்காளியும் சேர்த்து அரைத்த சிகில் பாக், நம் துவையலின் உறவு போலவே இருக்கும். சாயா கீரை போட்ட முட்டையும் கேளுங்கள். நம் மாடித் தோட்டக்காரர்கள் சிலர் வளர்க்கும் அதே கீரைதான், இதன் சொந்த ஊர் இந்தப் பகுதி.

அசைவர்களுக்குப் போக் சுக் (சுட்ட பன்றி இறைச்சி), சோப்பா தெ லிமா (எலுமிச்சை சேர்த்த கோழி சூப்), ரெயேனோ நெக்ரோ (கருக்கிய மிளகாயில் செய்த கறுப்புக் குழம்பு). பிரமிடு இருக்கும் அதே 27-ஆம் தெருவில் கினிச் என்ற உணவகம். ஓலைக் குடிசையில் பெண்கள் கையால் தோர்த்தியா தட்டுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். மதியம் ஒரு மணிக்குமேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். பன்னிரண்டுக்கே போய் உட்காருங்கள்.

காரம் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே சமையலில் காரம் இல்லை, தனிக் கிண்ணத்தில் வரும் ஹபனேரோ மிளகாயில்தான் எல்லாம் இருக்கிறது. ஆந்திர ஊறுகாய் தின்ற தைரியத்தில் ஸ்பூனால் எடுக்காதீர்கள். நுனியில் தொட்டுப் பாருங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வராது. நீங்கள் கேட்காமல் பில்லைக் கொண்டுவைப்பது எழுந்து போகச் சொல்வது மாதிரி என்பதால் அவர்கள் காத்திருப்பார்கள், நீங்களும் காத்திருப்பீர்கள். "லா க்வென்தா, போர் ஃபவோர்" என்று கேட்டால் வரும். 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் வழக்கம்.

10. இரண்டாம் நாள்: ஒரே ஒரு வெளிப்பயணம்

சிச்சென் இட்சா, வயதோலித் நகரம், எக் பாலம் என்ற இன்னொரு மாயா இடிபாடு மூன்றையும் ஒரே நாளில் அடைப்பது பெரும் தவறு. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

சிச்சென் இட்சா போவதென்றால் ஆறரைக்குக் கிளம்புங்கள். வாசல் திறப்பது எட்டுக்கு. வெளிநாட்டவர்கள் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் தினமும் உண்டு. அங்கே எதன் மேலும் ஏற அனுமதி இல்லை, ஏறும் ஆசையைக் கினிச் கக்மோவிலேயே தீர்த்துக்கொண்டதும் நல்லதாயிற்று.

பதினொன்றுக்கு அங்கிருந்து கிளம்பி, சுங்கமில்லாத பழைய சாலையில் மேற்கே யோக்சொனோத் கிராமத்துக்கு வாருங்கள். அங்கேயுள்ள செனோத்தேயை ஊர் மாயாப் பெண்களின் கூட்டுறவு நடத்துகிறது. மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். இடிபாடு முதலில், குளியல் பிறகு. காரணம் எளிது. வெயிலில் நடக்க சன்ஸ்கிரீன் வேண்டும், செனோத்தேயில் அதற்கு அனுமதி இல்லை, குளித்துக் கழுவிய பிறகே இறங்க விடுவார்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை பூசி இரண்டு முறை கழுவுவீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், மிதவை அங்கி தருவார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் நீச்சல் தெரிந்தாலும் இருவரும் மிதவை போட்டுக்கொள்ளுங்கள்.

சிச்சென் இட்சாவில் ஆர்வம் இல்லையா? யோக்சொனோத்துக்கு மட்டும் ஒன்பது மணிக்குப் போய்வாருங்கள். உண்மையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

கார் இல்லாதவர்கள் முந்தின நாள் மாலையே சதுக்கத்தில் ஒரு டாக்ஸிக்காரரிடம் பேசிவிடுங்கள். தொகை, புறப்படும் நேரம், அங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பார் என்ற மூன்றையும் எழுதிக் காட்டி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

11. குதிரை வண்டியும் கடைகளும்

சதுக்கத்தில் தொப்பி போட்ட குதிரைகளோடு வண்டிகள் நிற்கும். ஏறுமுன் மூன்று கேள்வி: விலை வண்டிக்கா ஆளுக்கா, எத்தனை நிமிடம், எந்த வழி. நடுப்பகலில் ஏறாதீர்கள், குதிரைக்கும் அது பாவம். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணி நல்ல நேரம். கைவினைஞர்களின் பட்டறை வழியாகப் போகச் சொன்னால் கூட்டிப்போவார்கள்.

பூத்தையல் துணி வேண்டுமென்றால் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிம்பிலா கிராமத்துக்குப் போங்கள். ஊரே தையல் வேலை செய்யும். கைத்தையலா இயந்திரத் தையலா என்று தெரிய உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலில் முடிச்சுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். இரண்டும் வாங்கத் தக்கவைதான், ஆனால் விலை ஒன்றாக இருக்கக்கூடாது.

12. திரும்பும் நாள்

முந்தின இரவே விடுதிக் கணக்கை முடித்துவிடுங்கள். காலையில் பணம் வாங்கும் ஆள் வரத் தாமதமாகலாம். பேருந்தில் போகிறவர்கள் நேரத்தை நிலையத்திலேயே போய்க் கேளுங்கள். இணையத்தில் இருக்கும் அட்டவணையை நம்ப முடியாது. தேனும் சோம்பும் சேர்த்த ஷ்தபெந்துன் மது வாங்கியிருந்தால் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

மெரிடாவில் விமானம் என்றால் கவலையில்லை. கான்குனில் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். கான்குன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் யுகட்டானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாநில எல்லையைக் கடக்கும்போதுதான் போனில் நேரம் மாறும், அதற்குள் தாமதமாகியிருக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். விமானம் கான்குன் நேரப்படி மாலை 3 மணி. மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்றால் அங்கே பகல் 12, இசமாலில் அது காலை 11. சாலையில் மூன்று மணி நேரம், பெட்ரோல் நிரப்பிக் காரை ஒப்படைக்க இன்னும் ஒரு மணி நேரம். அப்படியானால் இசமால் கடிகாரத்தில் காலை 7-க்கு வண்டி கிளம்பியிருக்க வேண்டும். சந்தையில் கொச்சினிதாவைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லி, சுங்கச் சாலை ஓய்விடத்தில் நிறுத்திச் சாப்பிடுங்கள்.